வின்னி வாய் திறந்த புதன்கிழமை

தங்கவயலின் கோரமண்டல் பகுதியில் குடியிருக்கும் வின்னிக்கு நாற்பத்தாறு வயது. அதில் இருபது வருஷம் சட்டைக் காலர் தைப்பதிலேயே போனது. தங்கவயல் பக்கத்தில் உள்ள ஆயத்த ஆடை ஃபேக்டரியில் அவள் பேட்ச் லீடர், ஒரு தையல் குழுவுக்குத் தலைவி. அவள் பேட்ச்சில் மட்டும் ரிஜெக்ட் ஆகிற சட்டை விரல் விட்டு எண்ணுகிற அளவுதான்.

புதிதாக வந்த ஃப்ளோர் இன்சார்ஜ் ஷில்பா, புதன்தோறும் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று லீடர்களையும் அரைமணி நேரம் உட்கார வைத்தாள். யார் பேட்ச்சில் எது நன்றாக நடக்கிறதோ அதை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

"நீங்க எப்படிம்மா செய்றீங்க?"

"ஒண்ணும் இல்ல மேடம். ஆண்டவர் கிருபை."

இரண்டு வாரமும் அதே பதில்தான். முன்பு தினமும் ரயிலேறிப் போய் பெங்களூரில் வேலை பார்த்தபோது இதே மாதிரி சிரித்துக்கொண்டு ஒரு ஆபீசர் கேட்டார். வின்னி பெருமையாகத் தைத்தே காட்டினாள். அடுத்த மாதமே மணிக்கு அறுபது காலர் என்ற டார்கெட் எழுபத்தைந்து ஆனது. அதை எட்ட முடியாமல், கூட வேலை பார்த்த பாக்கியவதிக்கு வேலை போயிற்று. ஊர் சர்ச்சில் பக்கத்து பெஞ்சில் உட்காருகிற அவள், அதற்குப் பிறகு வின்னியின் முகத்தைப் பார்க்கவில்லை.

லீடர்கள் பேசும்போதெல்லாம் ஷில்பா ஒரு நோட்டில் எழுதுவாள். வின்னியின் கண் அந்த நோட்டை விட்டு அகலாது.

மூன்றாவது புதன், இன்னொரு பேட்ச் லீடர் லதா கண்ணைத் துடைத்தபடி வந்தாள். ரிஜெக்ட் குறையாவிட்டால் அவள் பேட்ச்சைக் கலைத்துவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

வின்னிக்கு மனசு கேட்கவில்லை. "நோட்ல இன்னா எழுதறீங்க மேடம்?"

ஷில்பா தயங்காமல் நோட்டை நீட்டினாள். எல்லாம் கன்னடம். வின்னிக்குப் பேச வரும், படிக்க வராது. கன்னடப் பள்ளியில் படித்த லதாவிடம் தள்ளினாள். லதா தமிழில் படித்தாள்: "வின்னியம்மா சொல்லவில்லை. டார்கெட் ஏறும் என்று பயமோ? மேனேஜரிடம் பேச வேண்டும்."

"பேசினீங்களா?" என்றாள் வின்னி.

"இன்னும் இல்ல."

"பேசிட்டு வாங்க. இங்க சொல்றத வச்சி டார்கெட் ஏத்த மாட்டோம்னு மேனேஜர் கையெழுத்து வேணும்."

அடுத்த புதன் மேனேஜர் கையெழுத்துப் போட்ட கன்னடத் தாள் வந்தது, மூன்று மாதத்துக்கு மட்டும். வின்னி அதை லதாவிடம் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டு, போனில் படம் எடுத்துக்கொண்டாள். பிறகுதான் பேசினாள்.

"பத்து காலர் தைச்சதும் பக்கத்துல இருக்கிறவ பார்ப்பா. தப்புன்னா அங்கயே பிரிச்சுடுவோம். கடைசி செக்கிங் டேபிள் வரைக்கும் போகவே விடமாட்டோம்."

காலரின் இரண்டு முனையும் சமமாக வர, சோப்புத் துண்டால் நடுவில் கோடு போடுகிற இன்னொரு வழியை அன்று அவள் சொல்லவில்லை.

லதாவின் ரிஜெக்ட் பாதியானது, பேட்ச் தப்பித்தது. நான்காவது மாதம் மேனேஜர் டார்கெட்டை ஏற்றப் பார்த்தார். மூன்று லீடர்களும் புதன் மீட்டிங்குக்குப் போகாமல் மெஷினிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஷில்பாவும் அவர்கள் பக்கம் பேசினாள். இந்த முறை கையெழுத்து ஒரு வருஷத்துக்கு வந்தது.

அந்தப் புதன் வின்னி சோப்புத் துண்டை எடுத்துப் போய் மீட்டிங் மேஜைமேல் வைத்தாள்.