வலது தோளில் ஒரு தட்டு

இதைச் சொன்னால் என் தங்கை சிரிக்கிறாள். சிரிக்கட்டும். தட்டு வாங்கிய தோள் என்னுடையது.

பழைய மிஷன் தேவாலயங்களையும் அவற்றின் தோட்டங்களையும் பார்த்துக்கொண்டே நானும் என் கணவரும் காரில் போய்க்கொண்டிருந்தோம். இருவருக்கும் பறவைப் பைத்தியம். பறவை பார்க்கும்போது வாயே திறக்க மாட்டோம். எல்லாம் தட்டுதான். வலது தோளில் தட்டினால் வலப்பக்கம் பார். இடது தோள் என்றால் இடப்பக்கம். முதுகில் தட்டினால் முன்னே போ.

அன்று மாலை 5.50. பூட்டிக் கிடந்த ஒரு மிஷனின் பின்பக்கத் தோட்டம். இடுப்பளவு புல். புதருக்குள் ஆறுமணிக்குருவி கூவியது. அவர் பல வருடங்களாகத் தேடி அலையும் குருவி. பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டேன்.

வலது தோளில் ஒரு தட்டு.

வலப்பக்கம் பார்த்தேன். வெறும் கொடிகள். இந்த மனுஷனுக்கு எப்போதும் விளையாட்டு. ஒருமுறை என் செருப்புக்குள் ரப்பர் பல்லியை வைத்தவர்.

மறுபடியும் தட்டு. எனக்குச் சந்தேகம் வந்தது. அவர் ஒற்றை விரலால்தான் தட்டுவார். இது முழுக் கை. ஈரமாக இருந்தது...

மூன்றாவது தட்டு. பலமாக.

பைனாகுலரை இன்னும் வலப்பக்கம் திருப்பினேன்.

வட்டத்துக்குள் என் கணவர்.

தூரத்தில். தனியாக.

குருவியையே பார்த்தபடி ஒரு காலைத் தூக்குகிறார். காலுக்குக் கீழே, கொடிகளுக்கு நடுவில், கறுப்பாக... கிணறு.

"என்னங்க! நில்லுங்க!"

குருவி பறந்தது. அவர் நின்றார்.

ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவருக்குக் கோபம்.

"முதுகுல தட்டித் தட்டி முன்னாடி போகச் சொன்னது நீதானே?"

"நான் தட்டவே இல்லை" என்றேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் கோபம் போய்விட்டது.

காரில் ஏறியதும் எனக்கு அழுகை வந்தது. அவரைத் தட்டியது எதுவோ தெரியாது. என்னைத் தட்டியது யாரோ ஒரு நல்ல ஆத்மா. அதற்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

சாலையோர டீக்கடை அம்மாவிடம் நடந்ததைச் சொன்னோம். டீ ஆற்றிக்கொண்டிருந்த அந்த அம்மாவின் கை அப்படியே நின்றது.

"எங்க பெரியம்மா அங்க சமையல் வேலை பார்த்தாங்க. அங்க ஒரு ஃபாதர் இருந்தாரு. காதும் கேக்காது, கண்ணும் மங்கல். தோட்டக்காரன்தான் முதுகுல தட்டி வழி காட்டுவான். ஒருநாள் அப்படியே தட்டிக் கூட்டிட்டுப் போய் கிணத்துல விட்டுட்டான்."

"யாரு பார்த்தது?" என்றேன்.

"எங்க பெரியம்மாதான். அதுக்குக் கொஞ்சம் முன்னாடி அவனே வந்து அவங்க வலது தோள்ல தட்டினானாம். 'அங்க பாரு, வேடிக்கை'ன்னு."