டோரதியின் பேனாச் சிலுவை

ராயபுரத்து டோரதி அக்காவுக்கு வாயும் பெரிசு, மனசும் பெரிசு. திருவொற்றியூரில் பச்சைக் கறியை பாக்கெட் போடும் கம்பெனியில் பதிமூணு வருஷமாக வேலை. பக்கத்தில் உமைமா மெஷினில் காற்றை உறிஞ்சி பாக்கெட்டை ஒட்டுவாள். டோரதி அதன்மேல் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி நம்பர் எழுதுவாள். பிறகு எல்லாம் குளிர்வண்டி ஏறி கதிர்வீச்சு நிலையத்துக்குப் போகும். கதிர் பிளாஸ்டிக்கை ஊடுருவி உள்ளே இருக்கிற கிருமியைக் கொல்லும். கதிர் பட்டதற்கு அடையாளமாக மஞ்சள் ஸ்டிக்கர் சிவப்பாகித் திரும்பும். "கறிக்கு எக்ஸ்ரே எடுக்கிறவ" என்று தெருவே கிண்டலடிக்கும்.

"ஆமா, உன் வூட்டுப் புள்ளைங்க வவுத்தால போவாம கீதுன்னா யாரால?" என்று திருப்பிக் கொடுப்பாள்.

அவளுக்கு ஒரு பழக்கம், யாருக்கும் தெரியாது. நம்பர் எழுதியதும் பேனா முனையை உள்ளே இழுத்துக்கொண்டு, பாக்கெட்டின் நடுவில் குட்டியாக ஒரு சிலுவை போடுவாள். தின்கிறவங்க நல்லா இருக்கட்டும், அவ்வளவுதான். மை படாது.

போன மாசம் வந்தது வினை. நிலையத்திலிருந்து திரும்பியதில் சில பாக்கெட்டுகள் காற்று புகுந்து தொளதொளவென்று கிடந்தன. சூப்பர்வைசர் அசோகன் ஆடித் தீர்த்துவிட்டார்.

"செத்த கிருமி செத்ததுதான். ஓட்டை வழியா புதுசா பூந்தா எந்தக் கதிர் வந்து காப்பாத்தும்? ஒட்டுறது நீதானே உமைமா? திங்கக்கிழமையிலேர்ந்து வராதே."

உமைமா மெஷினைத் துடைத்துக்கொண்டே அழுதாள். டோரதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னா சார், பார்க்காம கொள்ளாம பேசினுகீற! அவ வேலை எனக்குத் தெரியும்" என்று எகிறிக்கொண்டு போய், ஒரு பாக்கெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினாள். உமைமா ஒட்டின ஓரத்தில் ஒரு குமிழிகூட இல்லை. நடுவிலிருந்து வந்தது. இன்னொன்றை அமுக்கினாள். அதிலும் நடுவில்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். நெடுக்கே ஒரு கீறல், குறுக்கே ஒரு கீறல்.

அய்யோ மாதாவே! மகன் தாமஸ் அதுக்கு முந்தின வாரம்தான் ஆசையாக வாங்கித் தந்த ஸ்டீல் பேனா. பழைய பிளாஸ்டிக் பேனா சும்மா தடவிக்கொண்டு போகும். இதில் முள்ளை உள்ளே இழுத்தாலும் வாய் விளிம்பு கூர்.

வாயை மூடிக்கொண்டால் ஒருத்தருக்கும் தெரியாது. அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிகிறது. ஒரு நிமிஷம் பேனாவை முந்தானையில் மறைத்துக்கொண்டு நின்றாள், இல்லை என்று சொன்னால் பொய். பிறகு போய் பேனாவை அசோகன் மேசைமேல் வைத்தாள்.

"சார், ஓட்டை போட்டவ நானு. ஆசீர்வாதம் பண்றேன்னு பொத்துட்டேன். அனுப்புறதுன்னா என்னை அனுப்பு."

அசோகன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த லோடு முழுக்க அழிக்கப் போனது. பேனாவுக்குப் பதில் மார்க்கர் வந்தது. டோரதியை ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னார்கள்.

திரும்பி வந்த அன்றைக்கு, உமைமா முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு, கையிலேயே இருந்த மார்க்கரைத் தேடிக்கொண்டிருந்தாள் டோரதி. உமைமா மெஷினின் இரும்பு மூடியைத் துடைத்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"யக்கா, இங்க வா. சிலுவையை இதுமேல போடு. எவ்ளோ அழுத்தினாலும் இது பொத்துக்காது."