பாதி மையோடு ஒரு நிக்காஹ்

தண்டையார்பேட்டை நசீர் பேனா மூடியைக் கழற்றினால் எண்ணூர் வரைக்கும் நிற்கிற லாரிகள் ஹாரனை நிறுத்திக்கொள்ளும். துறைமுகத்துக் கிரேன் கழுத்தை வளைத்து எட்டிப் பார்க்கும். கடலில் கிடக்கும் கப்பல்கள் தங்கள் பேரையும் ஒருதரம் எழுதித் தரச் சொல்லி வரிசை கட்டும். உலகத்தில் அதுவரை எழுதப்பட்டதெல்லாம் அவர் கையெழுத்துக்கு நடந்த ஒத்திகை.

அவருடைய இளைய மகள் ரூஹி தெருவெல்லாம் இப்படித்தான் அளந்துகொண்டிருந்தாள். பாதி கிண்டல். மீதிப் பாதி என்னவென்று அவள் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

நசீர் டிரெய்லர் ஓட்டுகிறவர். துறைமுகத்துக்குள் போக வண்டிகள் சாலையில் கிடையாய்க் கிடக்கும்போது மற்ற டிரைவர்கள் சீட்டாடுவார்கள், தூங்குவார்கள். இவர் ஸ்டியரிங் மேல் ஒரு பிளைவுட் துண்டை வைத்து, முன்னால் நிற்கும் கன்டெய்னர்களின் கம்பெனிப் பேர்களைச் சாய்த்துச் சாய்த்து எழுதுவார். பேனாக்கள் எல்லாம் கொருக்குப்பேட்டை காயலான் கடைகளில் பொறுக்கியவை. நிப்பு கோணியது, மூடி பிளந்தது, உள்ளே பழைய மை கல்லாய் இறுகியது. பல் பிரஷ்ஷால் தேய்த்து, மரையில் மெழுகு தடவி, ஒவ்வொன்றையும் எழுத வைத்துவிடுவார். ரூஹி பதினொன்றாவதைப் பாதியில் விடுவதற்கு முன்பு, அவளுக்கு அவர் எழுதித் தந்த வயிற்றுவலி லீவ் லெட்டர்களை டீச்சர்கள் எழுத்தின் அழகுக்காகவே எடுத்து வைத்திருந்தார்கள். வயிற்றுவலியை மட்டும் ஒருத்தரும் நம்பவில்லை.

இருப்பதிலேயே அவருக்கு உயிர் ஒரு கறுப்பு எபோனைட் பேனா. உள்ளே குழாயும் கிடையாது, ரப்பர் பையும் கிடையாது. கழுத்தைத் திருகித் திறந்து உடம்புக்குள்ளேயே மையைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மூத்தவள் சைமாவின் நிக்காஹ்வுக்கு, தஃப்தர் என்கிற கல்யாணப் பதிவேட்டில், அதில்தான் கையெழுத்து என்று நசீர் சொன்னபோது, மாப்பிள்ளையின் மாமா சுஃபியான் சிரித்துவிட்டார். அவருக்கு ராயபுரத்தில் நோட்டு, பேனா மொத்த வியாபாரம்.

"இன்னா பாய், இங்க் பேனாவா? தஃப்தர்ல ஊத்திக்கிச்சின்னா பொண்ணு பேரு இருக்க வேண்டிய எடத்துல இந்தியா மேப்பு தான் கீதும்பாங்க."

"ஊத்தாது பாய். ஊத்துச்சின்னா அப்பால நான் பேனாவையே தொட மாட்டேன்."

சபையில் சொன்ன வார்த்தை. ரூஹி பேனாவின் பழைய குற்றங்களை எண்ணிப் பார்த்தாள். போன மாதம்தான் அதே பேனா, கூரியருக்குக் கையெழுத்துப் போட வாங்கிய மளிகைக்கடை ஞானசெல்வியின் சேலையில் மையைக் கக்கியிருந்தது. தெருவே 'ஒழுகல் பாய்' என்று கூப்பிட்டது. நசீரும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஆனால் அன்றைக்குப் பூராவும் பேனாப் பெட்டியைத் திறக்கவில்லை.

ஆகவே கல்யாணத்தன்று காலையில், அத்தா குளிக்கப் போன நேரம் பார்த்து, அவருடைய ஜிப்பாப் பையிலிருந்து பேனாவை எடுத்துப் பாதி மையைச் சாக்கடையில் ஊற்றினாள். மை குறைந்தால் ஒழுகலும் குறையும். ரூஹியின் கணக்கு அவ்வளவுதான்.

மண்டபத்தில் பெண்கள் மாடியில் இருந்தார்கள். நசீரின் அண்ணன் மதார் சாகிப் பெண் தரப்புக்குப் பேசும் நிக்காஹ் வக்கீலாக, இரண்டு சாட்சிகளோடு, சைமாவின் சம்மதம் கேட்க ஏறி வந்தார். ஒரு கையில் தஃப்தர். மறு கையில் பேனா, ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல் இறுக்கமாக. சம்மதம் கேட்டார், துஆ செய்தார், மூச்சு வாங்கினார். பிடி மட்டும் தளரவில்லை.

சைமா பேனாவை வாங்கி எழுத ஆரம்பித்தாள். பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்த ரூஹி பார்த்தாள்: நிப்பின் நுனியில் ஒரு நீல மணி உப்பிக்கொண்டிருந்தது. சுஃபியானின் மனைவி ஷம்ஷாத் தஃப்தருக்குள் தலையை நுழைக்காத குறையாகக் குனிந்திருந்தாள். 'சை' முடிந்து அக்காவின் கை எழும்பியது. மணி ஆடியது.

ரூஹி நிப்புக்கும் தாளுக்கும் நடுவே உள்ளங்கையை நீட்டினாள். சொட்டு விழுந்தது. மூடிக்கொண்டாள்.

"இன்னாடி, நடுவுல வந்து கைய வுடுற?" என்றாள் ஷம்ஷாத்.

"ஈ மாமி."

சைமா 'மா'வையும் எழுதி முடித்தாள். தாள் சுத்தம். ஆனால் கீழே மாப்பிள்ளை இன்னும் கையெழுத்துப் போட வேண்டும். ரூஹி படியில் பெரியப்பாவின் முதுகோடு ஒட்டிக்கொண்டே இறங்கினாள்.

"பெரியத்தா, நிப்பு மேல பாத்தாப்ல புடிங்க."

"இது இன்னா ஊதுபத்தியா? தள்ளிப் போ கய்தே."

படியடியில் நசீர் நின்றிருந்தார். தஃப்தரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேனாவை வாங்கியவர் உள்ளங்கையில் வைத்து லேசாகத் தூக்கிப் பார்த்தார். எடை குறைந்திருந்தது. ரூஹியைக் கண்ணாலேயே தூணுக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"எவ்ளோ கொட்டுன?"

"நான் இன்னாத்த அத்தா கொட்டுனேன்?"

"ரூஹி."

"பாதி."

"பைத்தியக்காரி. காலி எடத்துல காத்து பூந்துக்கும்டி. கை சூடு பட்டா காத்து உப்பி மைய வெளிய தள்ளும். ரொம்பி இருந்தா தான் அது கம்முனு கெடக்கும்." ஜிப்பாப் பையிலிருந்து மை பாட்டிலையும் கண்மருந்துச் சொட்டுக்குழலையும் எடுத்தார். சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேனாவை நிரப்பினார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. "அண்ணன் கையில அவ்ளோ நேரம் இருந்திருக்குது. மேல கண்டிப்பா கக்கிருக்கணும். தஃப்தர்ல ஒண்ணுமே இல்லியே?"

"அது... சும்மா ஒரு வெளாட்டுக்கு கொட்டுனேன் அத்தா. வேற ஒண்ணியும் இல்ல."

நசீர் மரையை இறுக்கி, மூடியைப் போட்டு, பேனாவைப் பையில் நட்டக்குத்தலாகச் செருகினார். பிறகு அவளுடைய முஷ்டியைப் பார்த்தார்.

"கையத் தொற."

"மருதாணி அத்தா. ஈரம்."

"நீலக் கலர்லயா?"