ஏகாம்பரத்தின் ரைபிளும் ஒரு திருப்புளியும்

துப்பாக்கி ரிப்பேர்க்காரன் என்றால் எதிரே உட்காரவே ஆள் பயப்படும் என்று நினைப்பீர்கள். ஆரணியில் என் கடைக்கு வருகிறவர்கள் பயப்படுவதெல்லாம் வீட்டுக்காரிக்கு மட்டும்தான்.

முறையான லைசென்ஸோடு இந்தத் தொழிலைச் செய்கிறேன். ஆனால் தானாகக் கெட்டுப்போன துப்பாக்கி என்னிடம் வந்தது குறைவு. வருவதில் பாதிக்கு மேல் வீட்டில் 'சரி பண்ணின' துப்பாக்கிகள். மிக்ஸியைக் கழற்றி மாட்டி, ஒரு திருகாணி மிச்சமாகி, அதை யாருக்கும் தெரியாமல் ஜன்னல் ஓரம் வைத்தவர் நீங்கள் என்றால் நீங்களும் என் கட்சிதான். மேலே படியுங்கள்.

உள்ளே வைத்த சந்தனம்

ஏகாம்பரம் பட்டு நெசவுக்காரர். வீட்டில் ஒரு தறி, சந்தவாசல் பக்கம் மலையடியில் ஒன்றரை ஏக்கர் நிலக்கடலை. அந்தக் கடலையைக் காட்டுப்பன்றி தோண்டாமல் மிரட்டி விரட்டுவதற்கு அவர் அப்பா லைசென்ஸோடு வைத்திருந்த ரைபிள், அப்பாவுக்குப் பிறகு இவர் பேருக்கு மாறியது. ஒரு தடவை சுட்டால் காலி உறையைத் தானே வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவையும் ஏற்றிக்கொள்ளும் பழைய சீமைச் சரக்கு. செய்த கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். ஒரு ஆணி போனாலும் கிடைக்காது.

போன ஆயுத பூஜை முடிந்த வாரம் போன் செய்தார். பின்னால் இழுக்கிற பாகம் அசையவே இல்லையாம். விசாரித்தால், தறிக்குச் சந்தனம் வைத்த கையோடு ரைபிளுக்கும் வைத்திருக்கிறார். வெளியே இரண்டு பொட்டு வைத்தால் துடைத்துவிடலாம். இவர் திறந்து, உள்ளே விரலை விட்டுத் தடவியிருக்கிறார். அது காய்ந்து சிமென்ட் மாதிரி பிடித்துக்கொண்டது. "கடைக்குக் கொண்டு வாங்க, திருப்புளியத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு, உள்ளே எதற்கய்யா சந்தனம் என்று கேட்டேன்.

"வேல செய்யறது உள்ள கீறவன்தானே அண்ணே. வெளிய இருக்கறவனுக்கு மட்டும் வெச்சா அவன் கோச்சிக்க மாட்டானா?"

ஒன்றுகூட மிச்சமில்லை

நான் சொன்னது காற்றோடு போயிற்று. ஒரு மாதம் கழித்து ரைபிளும் லைசென்ஸ் புத்தகமுமாக வந்து நின்றார். போனில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் ரைபிள் கழற்றுகிற வீடியோவைப் பார்த்து வீட்டிலேயே கழற்றி, சந்தனத்தைச் சுரண்டி, மறுபடி மாட்டியிருக்கிறார். வீடியோவில் இருந்தது வேறு ரைபிள் என்பது பாதியில்தான் தெரிந்ததாம். இப்போது முதல் குண்டு வெடிக்கிறது. காலி உறை வெளியே வராமல் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. முதல் சத்தத்துக்கு ஓடுகிற பன்றிகள், இரண்டாவது சத்தம் வராதென்று கண்டுகொண்டு திரும்பி வந்து நிதானமாகச் சாப்பிடுகின்றன.

லைசென்ஸ் புதுப்பிக்க வியாழக்கிழமை ஆபீசில் ரைபிளைக் காட்ட வேண்டும். அவர் மனைவி மல்லிகா முடிவாகச் சொல்லிவிட்டாராம்: வேலை செய்யாத துப்பாக்கிக்குப் புதுப்பித்தல் ஒரு கேடா, ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வாங்க என்று. அப்பாவின் பொருளென்று அந்த வீட்டில் மிஞ்சியது அது ஒன்றுதான். சொல்லிக்கொண்டே ஏகாம்பரம் ரைபிளைத் துண்டால் துடைத்தார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. எதையாவது விட்டுவிட்டு மாட்டினீர்களா என்று கேட்டேன். அதற்கு அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சத்தியமா ஒண்ணுகூட மிச்சமாவல அண்ணே. எண்ணி எண்ணித்தான் உள்ள தள்ளினேன்."

பித்தளை மாப்பிள்ளை

மேஜையில் துணி விரித்துப் பிரித்தேன். அவர் சொன்னது உண்மைதான், எல்லாம் இருந்தது. காலி உறையைப் பிடித்து இழுக்கும் சின்னக் கொக்கிக்குப் பின்னால் இருந்த ஸ்பிரிங் மட்டும் உறுத்தியது. கறுத்த எஃகுச் சொந்தங்களுக்கு நடுவே அது ஒன்று மட்டும் பித்தளை. அழுத்தினால் பஞ்சாக அமுங்கியது. எங்கேயோ பார்த்த முகமாகவும் இருந்தது.

நான் பிறந்ததும் தறி வீட்டில்தான் என்பதால் கொஞ்ச நேரத்தில் பிடிபட்டது. தறிக்கு மேலே உட்கார்ந்து பார்டரில் பூவும் பறவையும் விழவைக்கிற ஜக்கார்டு பெட்டியில், ஒவ்வொரு ஊசிக்கும் பின்னால் ஒன்றாக வரிசை வரிசையாக இருக்குமே, அந்த ஸ்பிரிங். ரைபிளை எங்கே வைத்துக் கழற்றினீர்கள் என்றேன். தறிக்குப் பக்கத்தில் பாய் விரித்தாராம். அதே நேரத்தில் மல்லிகா ஸ்டூலில் ஏறி ஜக்கார்டு பெட்டியைச் சுத்தம் செய்திருக்கிறார். ஒரு ஸ்பிரிங் கீழே விழ, எடுத்துக் கொடுங்க என்று திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டியிருக்கிறார்.

"பாயில ரெண்டு கெடந்துச்சு அண்ணே. அவ ஜல்தி ஜல்தின்னா. கைக்கு வந்தத குடுத்துட்டேன்."

கண் திறந்த அன்னம்

ரைபிளைக் கடையில் வைத்துப் பூட்டிவிட்டு, பித்தளை ஸ்பிரிங்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவர் வண்டியிலேயே கிளம்பினேன். "சும்மா பார்க்க வந்தேன்னு சொல்லுங்கண்ணே" என்று வழியெல்லாம் கெஞ்சிக்கொண்டே வந்தார்.

நான் பொய் சொல்ல அவசியமே வரவில்லை. தறியில் உட்கார்ந்திருந்த மல்லிகாவே ஆரம்பித்தார். ஒரு மாதமாக ஒரே பேஜார். பார்டரில் விழுகிற அன்னத்துக்குக் கண் விழுவதில்லை. நூலை மாற்றினார், டிசைனுக்கான துளை அட்டையை மாற்றினார், அட்டை அடித்துக் கொடுத்தவரிடம் போய்ச் சண்டையும் போட்டார். ஒரு முழுப் புடவை குருட்டு அன்னங்களோடு முடிந்து, கடைக்காரர் வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டார். இப்போது தறியில் ஓடுவது இரண்டாவது புடவை.

ஸ்டூலில் ஏறினேன். பளபளக்கும் பித்தளை வரிசையில் ஒன்று மட்டும் கறுப்பு. குட்டை ஸ்பிரிங், ஊசியைத் திருப்பித் தள்ள அதற்கு எட்டவில்லை. அதனால் கண்ணுக்கான நூல் மேலே எழவே இல்லை. மாற்றி வைத்துவிட்டு இறங்கினேன். மல்லிகா மிதியை அழுத்தி நெய்தார். அடுத்த அன்னத்தில் பொட்டு மாதிரி கண் விழுந்தது. எனக்கே சந்தோஷமாக இருந்தது.

மல்லிகா தறியை நிறுத்தினார். அந்தக் கண்ணைப் பார்த்தார். என் உள்ளங்கையில் இருந்த கறுப்பு ஸ்பிரிங்கைப் பார்த்தார். கடைசியாகப் புருஷனைப் பார்த்தார். ஏகாம்பரம் பாவில் ஏதோ நூல் அறுந்த மாதிரி குனிந்து தேடிக்கொண்டிருந்தார். ரைபிள் இனி சரியாகிவிடும் என்று எனக்குத் தெரியும்; ஆனாலும் வியாழக்கிழமை அது போகப்போவது ஸ்டேஷனுக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"ஒரு பன்னிகூட பயப்படல, என் அன்னம் அத்தினியும்தான் குருடா போச்சு. ரைபிள நீங்களே வெச்சிகினு இருங்க, அந்தத் திருப்புளிய எங்கிட்ட குடுத்துடுங்க."

துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்கிற அரசாங்கம் திருப்புளிக்கும் ஒன்று கேட்டிருந்தால் ஊரில் பாதிக் குடும்பம் நிம்மதியாக இருக்கும், நான் மட்டும் கடையை மூடிக்கொண்டு போகவேண்டியதுதான்.