பைப்பர் எங்கே போய் நிறுத்துகிறார்?

சட்டன் என்ற ஆங்கிலேய ஊருக்குப் பக்கத்தில் ஒரு தகன மண்டபத்தில் சிவனேஸ்வரிக்கு வேலை. ஒரு சடங்கு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கூட்டித் துடைத்து, கதிரைகளை ஒழுங்காக்க வேண்டும். 2009 மார்ச்சில் ஒரு ஸ்கொட்லாந்துக்காரரின் இறுதிச் சடங்கில்தான் முதன்முதலாக பேக்பைப் என்ற ஊதுவாத்தியத்தை நேரில் பார்த்தார். கட்டம் போட்ட கில்ட் பாவாடை உடுத்திய ஒருவர், அதன் பையைக் கமக்கட்டில் இடுக்கி ஊதினார். கடைசியில் வாசித்தபடியே வெளியே நடந்தார். ஓசை தேய்ந்து தேய்ந்து, இல்லாமலே போனது. அதுவரை யாரும் அசையவில்லை.

அன்று பின்னேரம் கணவர் குகநாதனிடம் கேட்டார்: "அந்த மனுசன் எங்கை போய் நிப்பாட்டியிருப்பார்?"

"காருக்குள்ளை ஏறியிருப்பார். உமக்கேன் அந்தக் கதை?"

அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. மே மாதம் அதே பைப்பர், அந்த பேக்பைப் ஊதுகிறவர், இன்னொரு சடங்குக்கு வந்தார். சிவனேஸ்வரி தேநீர் இடைவேளையை அந்த நேரத்துக்கு மாற்றிக்கொண்டு, சற்றுத் தள்ளிப் பின்னால் நடந்தார். பைப்பர் ரோஜாப் பாத்திகளைத் தாண்டினார், கார்களையும் தாண்டினார். ரயில் பாதையோரக் கம்பி வேலி வந்தது. அங்கே நின்றும் வாசித்துக்கொண்டே இருந்தார். பாட்டு முழுவதும் முடிந்த பிறகுதான் குழலை வாயிலிருந்து எடுத்தார். திரும்பியபோது சிவனேஸ்வரியைக் கண்டு திடுக்கிட்டார்.

சிவனேஸ்வரி தன் ஆங்கிலத்தில் கேட்டார்: "இங்கே நின்று வாசித்தால் மண்டபத்தில் இருப்பவர்களுக்குக் கேட்குமா?"

"கேட்காது என்றுதான் நினைக்கிறேன்," என்றார் பைப்பர். அவர் பெயர் இயன். "ஆனால் யாருடைய காது எவ்வளவு கூர்மை என்று எனக்குத் தெரியாதே. ஒருவருக்காவது கேட்டுக்கொண்டிருக்கும்போது நான் நிறுத்திவிட்டால், முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியது போலிருக்கும்."

சிவனேஸ்வரி பையையே பார்த்தார். "நீங்கள் மூச்செடுக்கும்போது சத்தம் ஏன் நிற்பதில்லை?"

இயன் சிரித்துக்கொண்டு, பையை அவருடைய கையிடுக்கில் வைத்தார். "ஊதி நிரப்புங்கள். பிறகு கையால் அமர்த்துங்கள்."

கன்னம் நோக ஊதினார். பை பாதிதான் நிரம்பியது. அமர்த்தியதும் வாத்து கத்தியது போல் ஒரு சத்தம் வந்தது. மண்டபத்தில் வேலை செய்த ஏழு வருடத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

இரவுச் சாப்பாட்டின்போது குகநாதன் கையைக் கழுவாமலே எல்லாவற்றையும் கேட்டார்.

"நீரோ ஊதினனீர்?"

"ஓம். மூச்சு அந்தப் பைக்குள்ளை நிக்குதப்பா. அதைத்தான் அமர்த்தி அமர்த்தி விடுறார்."

குகநாதன் எழும்பிப் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். "அடுத்த முறை அவர் எண்டைக்கு வாறார் எண்டு கேட்டுச் சொல்லும். நான் ஷிப்டை மாத்திறன்."