சந்துக்குள் வந்த பஸ்

எங்கள் தெரு போர்வெல்லில் தண்ணீர் நின்றுபோய், குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று மட்டும் வந்ததே ஒரு கோடை, பெரிய அபார்ட்மெண்ட்காரர்கள்கூட பக்கெட்டோடு டேங்கர் லாரிக்குக் காத்து நின்றார்களே, அந்தக் கோடை முடிந்து முதல் மழை விழுந்த வாரத்தில்தான் அந்தப் பெண் எங்கள் கடைக்கு வந்தாள். எந்த வருஷம் என்று கேட்டால் எனக்குச் சொல்ல வராது. பள்ளிக்கூடம் போகாதவன் நான். வருஷத்தை இப்படி ஏதாவது ஒன்றோடு சேர்த்துக் கட்டி வைத்தால்தான் எனக்குள் நிற்கும்.

கடை என்றால் மர்பி டவுனில் மைக் செட் கடை. கல்யாணம், காதுகுத்து, சாவு, அம்மன் திருவிழா, புத்த பூர்ணிமா, தேர்தல் கூட்டம், எல்லாவற்றுக்கும் எங்கள் சத்தம்தான். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். நான் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒயர் சுற்றுவேன்.

வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றி கையில் மாட்டிக்கொண்டு கேட்டாள்.

"தாத்தா, ஒரே மாதிரி எட்டு ஸ்பீக்கர் பாக்ஸ் இருக்குமா?"

"இன்னா விசேஷம்மா? கல்யாணமா?"

"இல்ல தாத்தா, கச்சேரி."

"யார் பாடுறாங்க?"

"யாரும் பாடல. வாசிக்கவும் இல்ல. நான் அங்கங்க புடிச்சு வெச்ச சத்தத்தையெல்லாம் வெட்டி ஒட்டி வெச்சிருக்கேன். அத எட்டு பாக்ஸ்லயும் சுத்த விடுவேன். ஜனங்க நடுவுல உக்காந்து கேப்பாங்க."

உள்ளே ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த என் மகன் தலையை நீட்டினான். "மேடை?"

"மேடை கிடையாது."

"லைட்டு?"

"அணைச்சிடுவோம்."

"அப்ப கரண்டு போன கல்யாணம்னு சொல்லு" என்றான். நான் திட்ட வாயெடுப்பதற்குள் அவளே சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

எங்கள் தொழிலில் ஆளைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் காதால் பழகிவிடுவது உண்டு. என் மனைவியைப் பெண் பார்க்கப் போனபோது, "பையன புடிச்சிருக்கா?" என்று அவள் அத்தை கேட்டாள். "மூஞ்சிய இப்பதான் பாக்குறேன். குரலத்தான் வருஷா வருஷம் திருவிழாவுல கேக்குறேனே. மைக் டெஸ்டிங், மைக் டெஸ்டிங்னு உசிர வாங்குறது இவருதானா?" என்றாள். இன்றைக்கும் நான் சத்தமாகப் பேசினால், "டெஸ்டிங் போதும், சாப்பிட வா" என்பாள். எதற்கு இதைச் சொல்ல வந்தேன்? ஆமாம், சத்தம்.

கச்சேரி நடக்கப்போவது எங்கள் தெருச் சங்கத்து ஹாலில். ஊருக்குள் இருக்கிற ஏசி ஹால்கள் அவளுக்குக் கட்டுப்படியாகவில்லை. அன்றைக்கு மகன் ஒக்கலிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டான். கடை ஆளை வைத்துக்கொண்டு நானே எட்டு பாக்ஸையும் ஸ்டாண்டில் ஏற்றினேன். "ஹாலைச் சுத்தி வைங்க தாத்தா" என்று அவள் சொல்லியிருந்தாள். சுற்றித்தான் வைத்தேன். ஜன்னலுக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று, சந்துப் பக்கத்துக் கதவுக்கு ஒன்று. எல்லாம் வெளியே பார்த்து.

நான் பிடித்த தொழில் அப்படி. குழாய் ஸ்பீக்கரை லைட் கம்பத்தில் ஏறிக் கட்டின காலத்திலிருந்து, ஸ்பீக்கருக்கு முகம் தெருப் பக்கம்தான். ஒன்று அல்சூர் பார்த்து, ஒன்று மார்க்கெட் பார்த்து. அதைத் தவிர வேறு விதமாக வைக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மத்தியானம் அவள் வந்தாள். நடுவில் மேசை போட்டு லேப்டாப்பைத் திறந்து, ஒயர்களையெல்லாம் சொருகி, ஒரு பட்டனை அமுக்கினாள்.

பஸ். கிழக்கு ஜன்னலில் கிளம்பி, வாசல் பக்கம் வந்து, உறுமிக்கொண்டே சந்துக்குள் திரும்பியது. எங்கள் சந்தில் ஆட்டோ வந்தாலே எதிரில் வருகிறவன் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். தள்ளுவண்டிக்காரன் தக்காளியோடு வண்டியை ஓரம் கட்டினான். ஸ்கூட்டியில் வந்த பெண் பிரேக் போட்டாள். கோலத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் வாளியோடு ஒரு அம்மா வீட்டிலிருந்து ஓடிவந்து, "எவன்டா அது, சந்துக்குள்ள பஸ்ஸ உட்டது! புள்ளைங்க வெளையாடுற எடம், கண்ணு அவிஞ்சி பூட்ச்சா?" என்று கத்தினாள். பார்த்தால் பஸ் இல்லை. வாளியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே அந்தப் பெண் காதைத் தீட்டிக்கொண்டு நாற்காலிக்கு நாற்காலி மாறி உட்கார்ந்து பார்த்தாள். பிறகு ஒரு பாக்ஸின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

"தாத்தா, எல்லாம் வெளிய பாக்குதே!"

"ஆமா. வெளியதானே கேக்கணும்?"

"உள்ள உக்காந்திருக்கிறவங்களுக்கு தாத்தா!"

"உள்ள வந்தவனுக்கு எதுக்கும்மா ஸ்பீக்கர்? அவன்தான் வந்துட்டானே. வராதவனுக்குத்தானே ஸ்பீக்கர்?"

அவள் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பயமாகிவிட்டது. டீ சொல்லி, பாக்ஸை ஒவ்வொன்றாக உள்பக்கம் திருப்பும்போதுதான் விஷயத்தைச் சொன்னாள்.

அவள் திருப்பத்தூர் பக்கம். அப்பா பஸ் டிரைவராக இருந்து ரிட்டையர் ஆனவர், ஏலகிரி மலை ரூட்டில் ஓட்டியவர். அம்மா இல்லை. இவள் இங்கே ஐடி கம்பெனியில் நல்ல வேலையில் இருந்து, இந்தச் சத்தப் பைத்தியத்தில் வேலையை விட்டுவிட்டாள். அப்பாவுக்குத் தெரிந்ததிலிருந்து பேச்சு வார்த்தை சரியில்லை. அன்று காலை ரயிலில் வந்திறங்கியிருக்கிறார். கையில் இரண்டு பெரிய பைகள், இரண்டும் காலி. அவள் சாமானையெல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு போவதற்கு.

"ஒரு தடவ கேளுங்கப்பா, கேட்டுட்டு நீங்க சொன்னா வந்துடுறேன்னு சொல்லிட்டேன் தாத்தா" என்றாள். "இந்தக் கச்சேரியே அவரோட பஸ்ஸுதான். அது அவருக்குத் தெரியாது."

அஞ்சு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். பெரும்பாலும் அவளைப் போன்ற வயதுப் பிள்ளைகள். நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன. அவள் அப்பாவும் வந்தார். தலை நிறைய நரை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. வாசல் வரைக்கும் வந்தவர், உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, சந்துப் பக்கம் இருந்த டீக்கடை ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டார். அவள் போய்க் கூப்பிட்டாள். வரவில்லை. நான் போனேன்.

"உள்ள வாங்க சார். பொண்ணு காத்துக்கினு இருக்குது."

"நீங்க யாரு பெரியவரே?"

"மைக் செட்டு."

"ஓ, நீங்களும் கூட்டா?" என்றார். "பாட்டா இது? தாளம் கீளம் உண்டா? இத்தன வருஷம் படிக்க வெச்சது, இருட்டுல உக்காந்து சத்தம் போடவா? நான் உள்ள வந்து உக்காந்தா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அவ முடிக்கட்டும். நான் இங்கயே இருக்கேன்."

கோபத்தில் பேசுகிறவர் மாதிரி இல்லை. பயத்தில் பேசுகிறவர் மாதிரி இருந்தது. அம்மா இல்லாத பெண், துணைக்கு யாரும் இல்லாத ஊர். எனக்கும் ஒரு பெண் உண்டு, அடுகோடியில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். இங்கிருந்து பார்த்தால் தெரிகிற தூரம்தான், அதற்கே நான் படுகிற பாடு எனக்குத் தெரியும். டீக்குச் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

விளக்கை அணைத்தார்கள். நான் சந்துப் பக்கத்துக் கதவோரம், ஒரு பாக்ஸை ஒட்டி நின்றேன். முதலில் இரும்பு உரசுகிற சத்தம். பிறகு மழை, தகரத்தின் மேல் விழுவது. உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடிபடவில்லை. எப்போது பாட்டு ஆரம்பிக்கும் என்று நின்றுகொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் மழை என் பின்னாலிருந்து நகர்ந்து தலைக்கு மேலே போனது. விசில் ஒன்று தூரத்தில் கேட்டது. பஸ் கிளம்பியது. எங்களைச் சுற்றி மலை ஏறியது. ஒவ்வொரு பாக்ஸாகத் தொட்டுத் தொட்டு வளைந்தது. என் பக்கம் வரும்போது நான் ஒதுங்கினேன், அந்தத் தள்ளுவண்டிக்காரன் மாதிரியே. ஐம்பது வருஷம் சத்தத்தைத் தெருவுக்குத் தள்ளிவிட்டவன், அன்றைக்குத்தான் அதற்கு நடுவில் நின்றேன்.

ஆனால் மனசு அங்கே நிற்கவில்லை. யாருக்காக இந்த பஸ்ஸோ அவர் வெளியே, ஆறிப்போன டீயோடு. உள்ளே வந்தவர்களுக்கு எட்டு பாக்ஸ், அவருக்கு ஒன்றும் இல்லை.

கதவைத் திறந்தேன். என் பக்கத்து பாக்ஸைப் பிடித்து சந்தைப் பார்த்துத் திருப்பினேன். ஸ்டாண்டின் கால் தரையில் கிறீச்சிட்டது. வட்டத்தில் ஒரு பல் விழுந்த மாதிரி ஓட்டை. மழையே அந்த இடத்தில் நின்றுவிட்டது. அவள் தலை திரும்பியது. லேப்டாப் வெளிச்சத்தில் அவள் முகம் தெரிந்தது. கையைத் தூக்கியவள் நிறுத்தச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். தாடையால் வெளியே காட்டினேன். எத்தனை மாசமாக வெட்டி ஒட்டினாளோ, அதில் நான் ஓட்டை போட்டுவிட்டேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். பிறகு மேசையில் குனிந்தாள். என் கைக்குள் பாக்ஸ் நடுங்க ஆரம்பித்தது. அந்த ஒன்றை மட்டும் சத்தம் கூட்டியிருந்தாள்.

உள்ளே இருந்தவர்களுக்கு பஸ் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே இருந்தவருக்கு அது வந்தது, போனது. ஸ்டாப்பில் நிற்கிறவனுக்குக் கேட்கிற மாதிரி. முதல் தடவை வந்தபோது அவர் தலையை நிமிர்த்தினார். இரண்டாம் தடவை ஸ்டூலை விட்டு எழுந்து சந்து முனையைப் பார்த்தார்.

"குந்துங்க சார், நம்ம ரோட்ல பஸ் பரோதே இல்ல, வராது" என்றான் டீக்கடைக்காரன், கன்னடமும் தமிழுமாக.

மூன்றாம் தடவை அது வளைவில் உறுமியபோது, அவர் கிளாஸை வைத்துவிட்டு நேராகக் கதவுக்கு வந்தார்.

"யார் வண்டி பெரியவரே இது?"

"உங்க வண்டின்னுதான் சொல்லிச்சு."

"என் வண்டியா? மலையில எவனாவது மூணாவது கியர்ல இழுப்பானா? வண்டி அழுவுது, கேக்கல உங்களுக்கு? எவனோ கத்துக்குட்டி."

அப்படியே உள்ளே நுழைந்துவிட்டார். கண்ணை மூடி உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு நடுவே நாற்காலியில் இடித்துக்கொண்டு நடந்தார். "ஷ்ஷ், அங்கிள்" என்றது ஒரு பிள்ளை. மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"இது என் வண்டி இல்ல."

"இல்லப்பா" என்றாள் அவள், மெதுவாக, கையை மேசையிலிருந்து எடுக்காமல். "உங்க வண்டிய பழசாயிடுச்சுன்னு உடைச்சுட்டாங்க. டிப்போல போய்க் கேட்டேன். அதே ரூட்டு, அதே ஏழு மணி ட்ரிப்பு. வேற வண்டி."

"மலைக்கு நீ தனியாவா போனே?"

"நாலு தடவ."

அவர் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பஸ் அது பாட்டுக்கு மலை ஏறி முடித்தது.

எல்லோரும் கைதட்டிவிட்டுப் போன பிறகு, நான் பாக்ஸை உள்பக்கம் திருப்பி வைத்தேன். அவருக்கு மட்டும் அவள் இன்னொரு தடவை போட்டாள். நடு நாற்காலி, எட்டு பாக்ஸும் அவரைப் பார்த்து. அவர் கண்ணை மூடவில்லை. எதிரில் பஸ்ஸின் முன் கண்ணாடி இருக்கிற மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வளைவிலும் இடது கால் தரையை அமுக்கியது, விட்டது, அமுக்கியது. முடிந்ததும், "திருப்பத்துல ஹாரன் அடிக்கல அவன். எதிர்ல வண்டி வந்தா இன்னா ஆவும்?" என்றார். மகளைப் பார்த்து, "நேரத்துக்குச் சாப்பிடுறியா இல்லியா?" என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலை காலிப் பைகளோடு தனியாக ரயில் ஏறினார்.

அவள் இப்போது இந்த ஊரில் இல்லை. இதே வேலையைப் படிக்க ஏதோ குளிர் தேசத்துக்குப் போயிருக்கிறாள். போன மாசம் அவள் அப்பா முழங்காலைக் காட்ட இங்கே ஆஸ்பத்திரிக்கு வந்தவர், கடைக்கும் வந்தார். ஒரு பை நிறைய சீத்தாப்பழம். என் மனைவி போட்ட காப்பியைக் குடித்து முடித்துக் கிளம்பும்போது சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை ஆனா போன் பண்றா பெரியவரே. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அதோட சரி. டிப்போல பழைய ஆளுங்கள்ட்ட கேட்டு வெச்சிருக்கேன். ஒரு நாள் காலியா ஒரு வண்டி தருவாங்க. அவ வந்தா நானே ஓட்டுறேன், பக்கத்துல உக்காந்து புடிச்சுக்கட்டும். கிளட்சு அமுக்க இந்தக் காலு இன்னும் ஒரு வருஷம் வரும்னு டாக்டர் சொல்றாரு."

"நீங்களே சொல்றதுதானே?"

"நான் எப்படிங்க சொல்றது? நீங்களா சொல்ற மாதிரி சொல்லுங்க."

எனக்குப் போனில் எழுதத் தெரியாது, பேசினால் நானே உளறிவிடுவேன். மகனிடம் சொன்னால், "உங்க அப்பா சொன்னாரு" என்றே போட்டுவிடுவான். இதைக் கேட்கிற உங்களுக்கு அந்த மாதிரிக் கச்சேரிக்குப் போகிற பழக்கம் இருந்தால், அங்கே பஸ் சத்தத்தைச் சுற்ற விடுகிற ஒரு திருப்பத்தூர்ப் பெண்ணைப் பார்த்தால், சொல்லுங்கள். இந்த வருஷமே ஊருக்கு ஒரு நடை வரச் சொல்லுங்கள், வண்டி இருக்கிறது, ஓட்டவும் ஆள் இருக்கிறது என்று. மர்பி டவுன் மைக் செட்டுக் கிழவன் சொன்னதாகவே சொல்லுங்கள்.