தரையை ஏற்றிய வருடம்

கல்யாணமாகி நான் திருவொற்றியூருக்கு வந்தபோது, தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் எங்கள் வீட்டு வாசலுக்கு வரவேண்டும். என் கணவரைக் கடைசியாக வெளியே தூக்கிக்கொண்டு போனவர்கள் இரண்டு படி மேலே ஏறித்தான் தெருவுக்குப் போனார்கள். வீடு இருந்த இடத்தில்தான் இருந்தது. சாலைதான் உயர்ந்துகொண்டே வந்தது. பழைய சாலையைச் சுரண்டாமல், ஒவ்வொரு முறையும் அதன் மேலேயே ஜல்லியும் தாரும் கொட்டி உருளை ஓட்டிவிட்டுப் போனார்கள்.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நான் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றேன். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. மழைக்காலம் வந்தால் தெருத் தண்ணீர் சாக்கடையையும் சேர்த்துக்கொண்டு உள்ளே வரும். கட்டில் காலுக்கெல்லாம் செங்கல் வைத்து உயர்த்தி, ஸ்டவ்வையும் அரிசி டின்னையும் அதன்மேல் வைத்துக்கொண்டு இருவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்போம். அங்கேயே உப்புமா கிண்டுவேன். "தை பொறக்கட்டும், தரையை ஏத்திடலாம்" என்பார் அவர். தை பிறந்ததும் தரை காய்ந்துவிடும். அதோடு அந்தப் பேச்சும் நின்றுவிடும்.

அவர் போன பிறகு வந்த முதல் மழையில் கட்டிலை நான் தனியாகத் தூக்கிப் பார்த்தேன். ஒரு காலுக்குச் செங்கல் கொடுத்துவிட்டு மறுபக்கம் போவதற்குள் முதலில் வைத்தது சரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் முயன்றுவிட்டு, ஒரு பக்கம் சாய்ந்த கட்டிலின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீரில் அவருடைய செருப்பு ஒன்று மிதந்து கதவிடுக்கில் போய் முட்டிக்கொண்டு நின்றது. அப்போதுதான் முடிவு செய்தேன், இந்தத் தைக்கு வேலையை ஆரம்பித்தே தீருவது என்று. தை போய், மாசி போய், பங்குனியில்தான் ஆள் கிடைத்தது.

ஹார்டுவேர் கடைக்காரர் அனுப்பிய மேஸ்திரி வியாசர்பாடிக்காரர். தன் மனைவியையும் கூட்டிவந்திருந்தார். அவர் கொத்து வேலை செய்ய, அந்தப் பெண் சித்தாளாகக் கலவை கொடுப்பாளாம். தெருவில் நின்றபடியே குனிந்து வீட்டுக்குள் பார்த்த மேஸ்திரி, "இன்னாக்கா இது, வூடா கெணறா?" என்றார்.

அவர் மனைவி முழங்கையால் அவரை ஒரு இடி இடித்தாள். "வேலை குடுக்கறவங்கள இப்டியா பேசுவ? நீ ஒண்ணும் நெனச்சிக்காதக்கா. அதுக்கு வாய்தான் ஜாஸ்தி, கை சுத்தம்."

சாமான்களையெல்லாம் மாடியில் ஷீட் போட்ட அறைக்கு ஏற்றினார்கள். நானும் அங்கேயே குடியேறினேன். இவர்களோடு மண் சுமக்க ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெரியாளும் இருந்தார். தமிழ் அதிகம் பேசமாட்டார், இரண்டு பேர் செய்யும் வேலையை ஒருவராகச் செய்வார். எங்கோ இடித்த கட்டடங்களின் ரப்பீஸ் லாரி லாரியாக வந்து இறங்கியது. அதை அள்ளி உள்ளே கொட்டும்போது பார்த்துக்கொண்டு நிற்பேன். யார் வீட்டுக் குளியலறையோ, ரோஜா நிற டைல்ஸ் துண்டுகள். ஒரு மாடிப்படியின் பாதி. பச்சைச் சுண்ணாம்பு அடித்த ஒரு சுவரின் மூலை. எல்லாம் என் படுக்கையறைக்கு அடியில் போயின.

முதல் நாள் மதியம் மேஸ்திரியின் மனைவி புழக்கடை மரத்தடியில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தாள். முந்தின நாள் சோறு, ஓரத்தில் ஊறுகாய். நான் மாடியில் கொஞ்சம் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தேன். என் கணவர் போனதிலிருந்து மீன் வாங்குவதையே விட்டிருந்தேன். ஒருத்திக்காக மீன் ஆய்ந்து, புளி கரைத்து, கடைசியில் தட்டோரத்தில் நாலு முள்ளை ஒதுக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்குப் பிடிக்கவில்லை. கருவாடென்றால் ஒரு துண்டு போதும். அந்தக் குழம்பைக் கிண்ணத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று பேரும் பங்கு போட்டுக்கொண்டு, கிண்ணத்தைச் சோறு போட்டு வழித்துத் தின்றார்கள்.

மறுநாள் காலை வந்ததும் வராததுமாக அவள் கேட்டாள். "இன்னிக்கு இன்னா கொழம்புக்கா?"

அதற்கடுத்த நாளிலிருந்து நான் விடிந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்துக் காசிமேட்டுக்குப் போக ஆரம்பித்தேன். ஏலம் முடிந்து கூடைக்காரிகள் பரப்பிவைத்திருக்கும் இடத்தில், ஈரத்தில் செருப்பு வழுக்க வழுக்க நடந்து காரப்பொடி மீன், நெத்திலி, சில நாள் சங்கரா என்று வாங்கிவருவேன். மாடி அறையில் மண்சட்டியை வைத்துக் குழம்பு கொதிக்கும்போது கீழே வேலை செய்கிறவர்கள் பேச்சு நின்றுபோகும். புழக்கடையிலிருந்த கறிவேப்பிலை மரத்தில் ஒரு கொத்தை ஒடித்து, மேஸ்திரியின் மனைவி கீழேயிருந்து மாடிக்கு வீசுவாள். "யக்கா, இத்தப் போடு. நேத்து வாசன பத்தல."

சாப்பிடும்போது புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடாத நாளே கிடையாது. கலவையில் தண்ணீர் கூடிவிட்டது என்று அவர் சொல்வார். மட்டம் பார்க்கிறேன் என்று பாதி நாளை ஓட்டிவிட்டார் என்று அவள் சொல்வாள். "என்னப் பாத்து நீ சொல்றியா?" என்று ஒருவர்மேல் ஒருவர் எகிறிவிட்டு இருவரும் என்னிடம் நியாயம் கேட்பார்கள். நான் மீன் துண்டை அவளுக்கு ஒன்று கூடுதலாக வைப்பேன். "பாத்தியா, அக்கா தீர்ப்பு சொல்லிட்ச்சு" என்பாள். ஒடிசாக்காரர் தட்டைக் கையால் மறைத்துக்கொண்டு போதும் போதும் என்று தலையாட்டுவார். நான் கையை விலக்கிச் சோற்றைப் போட்டால் அதையும் சாப்பிட்டுவிடுவார். ஒரு நாள் யாரோ சத்தமாகச் சிரிக்கிறார்களே என்று நினைத்தேன். சிரித்தது நான்தான்.

காலியான சிமெண்ட் பைகளில் ரப்பீஸுக்கு மேல் கொட்டியதில் மிஞ்சிய செம்மண்ணை நிரப்பி மேஸ்திரியின் மனைவி தண்டுக்கீரையும் கத்திரியும் போட்டு மாடியில் வைத்துக் கொடுத்தாள். "ஒண்டியா குந்திகினு இன்னா பண்ணப்போற? இதுக்குத் தண்ணியாச்சும் ஊத்து" என்றாள். அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. வேலை முடியப்போகிறது என்பதை நான் அதுவரை யோசித்திருக்கவில்லை.

வைகாசியில் டைல்ஸ் ஒட்டி முடித்தார்கள். கடைசி நாள் சுறாப்புட்டும் இறால் தொக்கும் செய்தேன். புதுத் தரையில் நால்வரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். சாமான்களை இறக்கிவைத்துவிட்டு, கலவைப் பாண்டும் கரண்டியும் கழுவி எடுத்துக்கொண்டு அவர்கள் கிளம்பினார்கள். "எதுன்னா வேலை கீதுன்னா ஒரு போன் போடுக்கா" என்றார் மேஸ்திரி.

மறுநாள் பழக்க தோஷத்தில் அவ்வளவு அரிசியையும் களைந்து உலையில் போட்டுவிட்டேன். வடித்த பிறகுதான் உறைத்தது. சட்டி நிறையச் சோறு. தெருமுனை நாய்களுக்குக் கொஞ்சம் வைத்தேன். மீதியில் தண்ணீர் ஊற்றி, மூன்று வேளை அதையே சாப்பிட்டேன்.

வீடும் என் வீடாக இல்லை. தரை இரண்டரை அடி ஏறியதில் கூரை தலைக்குக் கிட்டே வந்துவிட்டது. விசிறியைக் குட்டைக் கம்பியில் மாட்டியிருந்தார்கள். ஸ்விட்ச் பெட்டிகள் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தன. விளக்குப் போட ஒவ்வொரு முறையும் குனியவேண்டும். என் கணவருடைய படம் என் இடுப்புக்கு நேராக மாட்டியிருந்தது. அதைக் கழற்றி மேலே மாட்ட வேறு ஆணி அடித்தேன். முன்பெல்லாம் ஸ்டூல் போட்டு அவர்தான் ஏறுவார், பரணில் ஏதாவது எடுக்கவேண்டும் என்றால். இப்போது நின்றபடியே கைக்கு எட்டியது. அவரைக் கூப்பிட இருந்த ஒரு காரணமும் போனது என்று தோன்றியது. கூப்பிட அவர் இல்லை என்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

ஒரு வாரம் போயிருக்கும். மேஸ்திரிக்குப் போன் செய்து சமையலறையில் ஒரு அலமாரிப் பலகை வேண்டும் என்றேன். இருவரும் வந்து வைத்தார்கள். நான் சங்கரா மீன் வறுத்திருந்தேன். பிறகு பின்பக்க மதில் பூச்சு உதிர்கிறது என்று கூப்பிட்டேன். உண்மையில் கொஞ்சம்தான் உதிர்ந்திருந்தது. அதற்கும் வந்தார்கள். மூன்றாவது முறை, குளியலறையில் தண்ணீர் சரியாக ஓடவில்லை, வாட்டம் போதவில்லை என்று சொல்லிவிட்டேன்.

மேஸ்திரி ஒரு பக்கெட் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தார். அத்தனையும் ஓட்டை வழியாக மளமளவென்று போனது. மறுபடி ஒரு பக்கெட் கொட்டினார். மூலையில் விரலைத் தேய்த்துப் பார்த்தார். "இன்னாக்கா, எல்லாம் ஷோக்காத்தானே கீது? இங்க ஒரு வேலையும் இல்லியே" என்றார்.

அடுப்பில் நெத்திலிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் மூன்று தட்டுகளை முன்பே எடுத்து வைத்திருந்தேன். மேஸ்திரியின் மனைவி தட்டுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"யோவ், கம்முனு இரு. கண்ணு தெரியாம பேசிகினு" என்று அவரை அதட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பசி உயிர் போவுதுக்கா. காலைல நாஸ்டா கூட துன்னல. சோறு கீதா?" என்றாள்.

சாப்பிட்டார்கள். அன்றைக்கு அவர்கள் சண்டையே போடவில்லை. மரியாதையாகச் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவிவைத்துவிட்டுப் போனார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதன் பிறகு அவர்களைக் கூப்பிடவில்லை. கீரைக்குத் தண்ணீர் ஊற்றினேன். முளைத்ததைப் பறித்தேன். ஒரு பிடிக் கீரையை ஒருத்தி இரண்டு நாள் சாப்பிடலாம். பல நாட்கள் பால்காரரிடமும் கீரைப் பைகளிடமும் தவிர வேறு யாரிடமும் நான் பேசவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டியதில் தெரு நிரம்பி, தண்ணீர் எங்கள் வீட்டின் புதுப் படியில் ஏறியது. வாசலில் நாற்காலி போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேல்படிக்குக் கீழே வந்து தண்ணீர் நின்றது. உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. அத்தனை வருடம் நாங்கள் பேசிக்கொண்டே இருந்த காரியம் நடந்துவிட்டது. சொல்வதற்கு யாரும் இல்லை. எதிர்வீட்டுக்காரர்கள் முன்தினமே வீட்டைப் பூட்டிக்கொண்டு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். யோசித்து யோசித்து, மேஸ்திரியின் மனைவிக்குப் போன் செய்தேன்.

"தண்ணி உள்ள வரலம்மா" என்றேன். "படியிலேயே நின்னுடுச்சு."

"அப்டியாக்கா? நல்லாருக்கா?" என்றாள். பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. "எங்க வூட்ல முட்டிக்கு மேல கீது. கட்டில் மேல குந்திகினு கீறோம்."

வீடு வீடாகத் தரையை ஏற்றித் தருகிறவர்களின் வீட்டில் தண்ணீர் ஏறும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அவர்கள் எங்கே இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று அத்தனை நாள் சோறு போட்டும் கேட்டதில்லை.

"இங்க வந்துடுங்க. ரெண்டு பேரும் கிளம்பி வாங்க" என்றேன்.

"எங்கக்கா வர்றது? சுரங்கப்பாத முழுக்க தண்ணி. பஸ்ஸே முங்கிகினு கீது. வடியட்டும், பாக்கலாம்."

மழை விட்டு, சுரங்கப்பாதையில் வண்டி ஓடத் தொடங்கியதும் நான் பெரிய பாத்திரத்தை எடுத்தேன். புளிசாதம் கிளறி, கீரைப் பைகளில் இருந்ததை ஒட்டப் பறித்துப் பொரியல் செய்து, ஆட்டோ பிடித்து வியாசர்பாடிக்குப் போனேன். ஹவுசிங் போர்டு குடியிருப்பில் அவர்களுடையது கீழ்வீடு. ஒரே அறை, ஓரத்தில் சமையல் மேடை. சுவரில் புத்தர் படம். அதற்குக் கீழே தண்ணீர் நின்ற கோடு. தரை முழுக்கக் கறுப்புச் சேறு. மேஸ்திரி அட்டைத் துண்டால் அதை வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஊர் வூட்ட எல்லாம் ஏத்தறோம், நம்ம வூட்ட ஏத்த முடியலக்கா" என்றார் என்னைப் பார்த்ததும். "மேல நாலு வூடு குந்திகினு கீதே!" சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

பாத்திரத்தை மேடையில் வைத்துவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். "வுடுக்கா, ஒரே கலீஜ்" என்று அவள் தடுத்தாள். எனக்கு இது பழக்கம்தான் என்றேன். அவள் தண்ணீர் ஊற்ற, நான் துடைப்பத்தால் தள்ள, அறை வெளுக்க மதியம் தாண்டிவிட்டது. மூவரும் ஈரக் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். உப்பு கொஞ்சம் தூக்கல் என்றாள் அவள். அதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார் அவர். உடனே சண்டை ஆரம்பித்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

சாயங்காலம் வீடு திரும்பியபோது என் கூடம் காலையில் விட்டுப்போன மாதிரியே காய்ந்து கிடந்தது. வெறும் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். என் காலில் ஒட்டிவந்த சேறு டைல்ஸில் தடம் தடமாக விழுந்திருந்தது. அதைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை. மறுநாள்தான் துடைத்தேன்.

தை பிறந்ததும் அவர்கள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஏதோ பெரிய கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். சைட்டிலேயே தகரக் கொட்டகையில் தங்கல். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வேன். சில வாரம் அவள் எடுப்பாள், பல வாரம் மணி அடித்துக்கொண்டே இருக்கும். எடுத்தால் முதலில் நான் என்ன சமைத்தேன் என்றுதான் கேட்பாள். மீன் வாங்கினேன் என்று அவளிடம் சொல்வதற்காகவே மாதத்தில் ஒரு நாள் காசிமேட்டுக்குப் போகிறேன். கூடைக்காரி கூறு போட்டு வைத்திருப்பதில் ஒரு கூறில் பாதியைக் கேட்பேன். "பாதியெல்லாம் குடுக்க மாட்டேம்மா" என்று முறைத்துவிட்டு, அப்புறம் கொடுத்துவிடுவாள்.